கிளட்ச் அக்காவும் மேனேஜரின் உண்ணிகளும்

எங்கள் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரின் இடது கால் கிளட்ச் அக்கா கொடுத்தது. வலது காலுக்குப் பாடமே வேண்டாம் என்பார் அவர். மிதிக்க யாருக்கும் தெரியும், விடத்தான் தெரியாது. "மெல்ல விடு... மெல்ல... கிளட்ச்... கிளட்ச்ச்ச்!" என்று மைதானத்தில் அவர் போடுகிற சத்தத்துக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட ஒரு காலைத் தூக்குவார்கள். அந்தச் சத்தமே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய தம்பியே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஒல்லி உடம்பு, ஊருக்கே போதுமான குரல். டிரைவிங் ஸ்கூல் என்று பலகைதான் பெரிதாக இருக்கும். ஸ்கூல் என்பது அவரும் ஒரு சின்ன வெள்ளைக் காரும்தான். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கு ஒரு பிரேக். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தம்பியின் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சபதம் எடுத்தவர் அல்ல. இளவயதில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் வீட்டுச் சுவரை இடித்தாராம். அக்கா அங்கேயே அவரைத் திரும்ப உட்கார வைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். வண்டி ஒழுங்காக வெளியே போய்விட்டது. மாப்பிள்ளை திரும்பி வரவில்லை.

மேனேஜர் என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். ரிவர்ஸ் பழக நட்டிருக்கும் கம்புகளுக்கு நடுவே தினமும் வந்து உட்காரும். யாராவது கம்பை இடித்தால் நிமிர்ந்து பார்க்கும், பிறகு "இதுக்கெல்லாம் ஒரு லைசென்ஸ்" என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தான் ஒரு வேலையும் செய்யாது, மற்றவர் செய்வதைக் குறை சொல்லும். மாணவர்கள் வைத்த பெயர் அப்படித்தான் வந்தது. ஒரு மழை நாளில் கார்க் கதவு திறந்திருக்க, அது பாட்டுக்கு ஏறிப் பின் சீட்டில் படுத்துக்கொண்டது. இறங்கச் சொல்லிப் பார்த்தார் அக்கா. ஊரே நடுங்குகிற குரலுக்கு அது ஒரு கொட்டாவி விட்டது. "சரி, வந்து தொலை" என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பின் சீட்டு மேனேஜருடையது.

சில வாரம் கழித்து ஒரு காலை வகுப்பில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது நான். சிக்னலில் நின்று, பச்சை விழுந்து, முதல் கியர் போட்டு, அக்கா சொன்னபடி நூல் பிடித்தாற்போல் கிளட்சை விட்டுக்கொண்டிருக்கிறேன். கணுக்காலில் சுருக்கென்று ஒன்று. கால் தன்னால் மேலே வந்தது. கார் தவளைபோல் ஒரு தாவு தாவி நின்றது.

"காலுக்கு என்னம்மா வந்துச்சு?"

"ஏதோ கடிச்சுதுக்கா."

"கார்ல என்ன கடிக்கும்? கிளட்சா கடிச்சுது? சாக்கு சொல்லாம வண்டிய எடு!"

எடுத்தேன். இரண்டு தெரு தாண்டவில்லை, அக்கா தன் முழங்காலைச் சொறிந்தார். பிறகு இடுப்பை. பிறகு சீட் பெல்ட்டுக்குள் கையை விட்டு முதுகை எட்டப் பார்த்தார். பின் சீட்டில் மேனேஜரும் பின்னங்காலால் காதை டப் டப் டப்பென்று சொறிந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் சொறிந்தபடி நாங்கள் கடைத்தெருவைக் கடந்ததைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

வீட்டிலும் அன்றைக்கே வெடித்தது. தம்பி மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவர், ஊசிமுனைப் பார்வை. கீழிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணி! சுவத்துல ஒரு பயறு நடந்து போகுது!"

அக்கா இறங்கி வந்து பார்த்தார். சாம்பல் நிறத்தில் உப்பிய பயறு ஒன்று, எட்டுக் காலோடு, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் ஏறிக்கொண்டிருந்தது. உண்ணி. மேனேஜரைப் பிடித்து மடங்கிய காதைத் திருப்பினால் அங்கே ஒரு குடும்பமே குடியிருந்தது. வயிற்று மயிரை விலக்கினால் கண்ணில் பட்டதும் குதித்து மறைகிற தெள்ளுப்பூச்சிகள். ஒரே நாய், இரண்டு வகைக் குடித்தனம்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்கு வாய் ஓடியது. மண்ணெண்ணெய் தடவு என்றார் எதிர்வீட்டுக்காரர். கார் மெக்கானிக் தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து உண்ணியின் முதுகில் வைக்கச் சொன்னார். செடிக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சமாகக் கலக்கிக் குளிப்பாட்டலாம் என்று ஒரு மாணவர். தம்பியோ பேச்சில் நேரத்தை வீணாக்காமல் கடைக்குப் போய், நாய்ப் படம் போட்ட சொட்டு மருந்து ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

"பெரிய நாய்க்கான மருந்தாம் அக்கா. நம்மது சின்ன நாய், இன்னும் நல்லாவே வேலை செய்யும்."

"டாக்டர்கிட்ட காட்டாம ஒரு சொட்டு போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மருந்து டப்பாவைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, அக்கா மேனேஜரோடு கிளம்பினார்.

கால்நடை மருத்துவமனையில் அன்றைக்குக் கூட்டமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த டாக்டர் நரைத்த மீசைக்காரர், சாதுவான முகம். கதவைத் திறந்து அக்கா நுழைந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். மரியாதை போலும் என்று அக்கா நினைத்தார். மேனேஜரை மேசைமேல் ஏற்றிய டாக்டர் சுவரோரம் ஒதுங்கியதைப் பார்த்து, "கடிக்க மாட்டான் டாக்டர்" என்று தைரியம் வேறு சொன்னார்.

"இல்ல மேடம், நாய்க்குப் பயப்படல" என்றார் டாக்டர். பிறகு வேலையில் இறங்கினார். வேலையில் இறங்கியதும் அந்தப் பயம் போய்விட்டது. மேனேஜரின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருந்தது.

"நல்லது. ஈறு வெளுத்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ உடனே கொண்டு வரணும். உண்ணி ரத்தத்தைக் குடிக்கறதோட போகாது, காய்ச்சலையும் உள்ள விட்டுட்டுப் போகும்."

அக்கா ஊர் சொன்ன வைத்தியத்தை எல்லாம் ஒப்பித்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தீக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம் மேடம். சூடு பட்டா உண்ணி வயித்துல உள்ளத நாயோட ரத்தத்துல கக்கிடும். செடி மருந்து நாயையே கொன்னுடும். இதோ பாருங்க."

கையுறை மாட்டி, கூர்மையான இடுக்கியை எடுத்தார். காதுமடலில் ஓர் உண்ணியை, அதன் உப்பிய வயிற்றைத் தொடாமல், தோலை ஒட்டித் தலைப்பக்கமாகப் பிடித்தார். திருகவில்லை. சுண்டவில்லை. ஒரே சீராக, நேராக, மெல்ல இழுத்தார். தோல் கூடாரம்போல் கொஞ்சம் எழுந்து, பிறகு உண்ணி முழுதாகக் கையோடு வந்தது. அதை ஸ்பிரிட் இருந்த பாட்டிலில் போட்டு, கடிவாயை மருந்து தொட்டுத் துடைத்தார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நகத்தால நசுக்கக் கூடாது. வெடுக்குனு இழுத்தா தலை உள்ளேயே நின்னுடும்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "அட! கிளட்ச் விடற மாதிரி! வெடுக்குனு விட்டா வண்டி நின்னுடும், வெடுக்குனு இழுத்தா தலை நின்னுடும்!"

'கிளட்ச்' என்ற சொல் காதில் விழுந்ததும் டாக்டரின் இடுக்கி கீழே விழுந்தது.

அக்கா அந்த முகத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தார். மனதுக்குள் மீசையை எடுத்துவிட்டுப் பார்த்தார். நரையைக் கழித்துப் பார்த்தார்.

"நீங்க... மேம்பாலத்து ஏத்தத்துல வண்டிய அப்படியே விட்டுட்டு, கதவத் திறந்து இறங்கி நடந்தே போனவர்தானே?"

"ஆமா மேடம்" என்றார் டாக்டர் குற்றவாளிபோல. "பின்னாடி லாரி. நீங்க கத்தினீங்க. அதுக்கப்புறம் சைக்கிள்தான்."

"இவ்வளவு நிதானம் உங்க கையில இருக்கு. கால்ல ஏன் இல்லாமப் போச்சு?"

"கைக்குப் பக்கத்துல யாரும் உக்காந்து கத்தல மேடம்."

அக்காவுக்கு அசட்டுச் சிரிப்பு ஒன்று வந்தது. அதை மறைக்கப் போனை எடுத்து, தம்பி வாங்கிய மருந்தின் படத்தைக் காட்டினார். டாக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்தார்.

"இது இவன் எடைக்கு ரொம்ப அதிகம். எடை போட்டுத்தான் மருந்து. உங்க வீட்ல பூனை இருக்கா?"

"தம்பி பொண்டாட்டியோட பூனை இருக்கு."

"இதை அதுமேல போட்டுடாதீங்க. நாய்க்குப் போடற இந்த மருந்து பூனைக்கு விஷம். வலிப்பு வந்துடும்."

அக்கா தம்பியைக் கூப்பிட்டார். தம்பி மூச்சு வாங்கப் பேசினார். "ஒரு நிமிஷம் இரு அக்கா. பூனையும் சொறியுதேன்னு பிடிச்சு வச்சிருக்கேன், மூடியத் திறந்துட்டேன், கழுத்துல ஒரு ரெண்டு சொட்டு..."

"பிரேக்!" என்று அலறினார் அக்கா. "பிரேக்! பிரேக்! பிரேக்!"

தம்பியும் அவரிடம் வண்டி பழகியவர்தான். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. பூனை அந்தக் கணத்தில் நழுவி அலமாரி மேல் ஏறியது. மருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. மருத்துவமனையில் அந்த அலறலுக்குத் தராசின்மேல் ஏறி நின்ற மேனேஜர் அசையாமல் சிலையாகிவிட்டது. "எடை போட வசதியா போச்சு" என்றார் டாக்டர்.

எடைக்கேற்ற மருந்தைத் தோள்களுக்கு நடுவே, மயிரை விலக்கித் தோலில் விட்டார். அங்கேதான் நாக்கு எட்டாது. காயும்வரை பூனையைப் பக்கத்தில் விடக் கூடாது, இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது, பூனையைத் தனியாகக் கொண்டு வந்தால் அதற்கானதைத் தருகிறேன் என்றார். பிறகு, மேனேஜர் எங்கே படுக்கும் என்று கேட்டார்.

"கார்ல, பின் சீட்டுல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "தெள்ளுப்பூச்சியில நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான் மேடம். முட்டையும் புழுவும் புழுக்கூடும் அங்கதான் இருக்கும். கூட்டுக்குள்ள எத்தன நாளானாலும் தூங்கும். அதிர்வும் சூடும் பட்டா, ஆள் வந்தாச்சுனு எழுந்து குதிக்கும்."

"அப்ப நான் காலையில இன்ஜின ஸ்டார்ட் பண்றது...?"

"அதுங்களுக்கு சாப்பாட்டு மணி."

அடுத்த நாள் அக்கா வீட்டு வாசலில் கார் தோலுரித்துக் கிடந்தது. சீட் உறைகள், மிதியடிகள், மேனேஜரின் கம்பளி எல்லாம் கொதிக்கிற வெந்நீரில். மாணவர்கள் எல்லோருக்கும் அன்று பாடம் கிளட்ச் அல்ல, வாக்குவம் கிளீனர். சீட்டின் இடுக்கு, தையல், அடியில் உள்ள தகரம் வரை உறிஞ்சினோம். உறிஞ்சிய குப்பையைக் கட்டி உடனே வெளியே போட்டோம். இன்ஜினை ஓட விட்டு எழுப்பி, எழுந்ததை மறுபடி உறிஞ்சினோம். இது ஒருநாள் கூத்து அல்ல, கூட்டுக்குள் இருப்பது தீரும்வரை பல வாரம் செய்ய வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

வீட்டுக்குள் பூச்சி மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அவர் சொன்ன வழிதான் எல்லாவற்றிலும் வேடிக்கை. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடக்க வேண்டும். தெள்ளு குதித்து ஏறினால் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். நலம் விசாரிக்க டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கியபோது, அக்கா, தம்பி, தம்பி மனைவி மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வெள்ளைக் காலுறையோடு, குனிந்து தங்கள் காலையே பார்த்தபடி, மாடிப்படியில் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றினார். பைக்குள்ளிருந்து தன் வெள்ளைக் காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் அடிக்கடி வர ஆரம்பித்தார். அக்காவும் அடிக்கடி போக ஆரம்பித்தார். மேனேஜரின் காது, கழுத்துப் பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு, அக்குள், வால் அடி என்று தினமும் தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அக்கா பல் நெருங்கிய சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் துகளை ஈரத் தாளில் தட்டுவார். சிவப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம், கரையாவிட்டால் வெறும் அழுக்கு. ஒருநாள் வயிற்றில் ஓர் உண்ணி கெட்டியாக ஒட்டியிருக்கிறது, இடுக்கிக்கு அசையவில்லை, மேனேஜர் வேறு உறுமுகிறான் என்று பதறிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"மேடம், இது உண்ணி இல்ல. இது அவன் காம்பு. பாருங்க, அந்தப் பக்கமும் இருக்கு. வரிசையா இருக்கு."

"ஆம்பள நாய்க்கு எதுக்கு?"

"எதுக்குனு தெரியாது மேடம். எனக்கும் இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அக்கா சிரிக்கத் தொடங்கினார். டாக்டரும் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வெளியே கிளிக்கூண்டோடு காத்திருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மேனேஜர் மட்டும் மேசைமேல் மல்லாந்தபடி, தன் மானம் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் கைமாறாக அக்கா அவருக்கு மறுபடி வண்டி சொல்லிக் கொடுத்தார். கத்தாமல். கத்தாத கிளட்ச் அக்காவை யாரும் பார்த்ததில்லை. நான் கம்பை இடித்துச் சாய்த்த அன்று, "பரவாயில்லம்மா, கம்புதானே" என்றார். நான் நேராகத் தையல் மிஷினுக்குப் போய்த் தம்பி மனைவியிடம், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உண்ணி போயி ரொம்ப நாளாச்சு. டாக்டர் மட்டும் இன்னும் ஒட்டிட்டு இருக்காரு. பேனைப் பெருமாளாக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இங்க உண்ணிய மாப்பிள்ளையாக்கறாங்க."

மேம்பாலத்து ஏற்றத்தில்தான் அது முடிவாயிற்று. அதே ஏற்றம், பின்னால் ஒரு லாரி. டாக்டரின் நெற்றி வியர்த்தது. அக்கா குரலைத் தாழ்த்தி, "டாக்டர், உங்க கால்ல இப்ப இடுக்கி இருக்கு. தோலை ஒட்டிப் பிடிச்சாச்சு. நேரா, மெல்ல..." என்றார். கார் ஒரு முனகலோடு, பின்னால் ஒரு விரற்கடைகூட நழுவாமல், பால்போல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் ஊர் முழுக்கக் கீழே விரிந்தது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், எனக்குப் பொண்ணு பார்க்கப் போற நேரமெல்லாம் எங்கயாவது ஒரு மாடு கன்னு போடற நேரமா இருந்துச்சு. அப்படியே வயசாயிடுச்சு. நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

அக்காவின் கால் அவரைக் கேட்காமல் பிரேக்கை மிதித்தது. பாலத்து உச்சியில், நட்டநடுவில், கார் நின்றது. லாரி அலறியது. அதற்குப் பின்னால் பஸ் அலறியது. மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எல்லோரையும் பார்த்துத் திருப்பிக் குரைத்தது.

"வண்டிய எடுங்க" என்றார் அக்கா.

"முதல்ல பதில் சொல்லுங்க. இல்லாட்டி நான் இறங்கி நடந்துடுவேன்."

"இறங்கினா கால உடைப்பேன். தம்பி வீட்டுக்கு விடுங்க, அவன்கிட்ட சொல்லணும். இண்டிகேட்டர் போடுங்க. அது வைப்பர் டாக்டர், இண்டிகேட்டர் இந்தப் பக்கம்!"

வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டே கார் இறங்கியது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. நாங்கள், பழைய மாணவர்கள், வாசலில் வண்டிகளை நிறுத்திய ஒழுங்கைப் பார்த்துக் காவலாளி அசந்துபோனார். அக்கா இப்போதும் மைதானத்துக்கு வருகிறார், இப்போதும் கத்துகிறார். மேனேஜருக்கு மாதம் தவறாமல் மருந்து. மழைக்காலம் வந்தால் டாக்டர் ஒரு காதையும் அக்கா ஒரு காதையும் பார்க்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் ஏரி ஒன்றைப் பார்த்து வரலாம் என்று விடியலில் கிளம்பினார்கள். ஓட்டியது டாக்டர். காற்று குளிர்ந்திருந்தது, சாலை வெறிச்சோடியிருந்தது. தன் பிரேக்கின்மேல் கால் வைத்தபடி உட்கார்ந்திருந்த அக்கா, எப்போது என்று தெரியாமல், காலை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏரியைக் காணோம். பெயர் தெரியாத ஏதோ ஊரின் கடைத்தெருவில் கார் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது எந்த ஊரு?"

"தெரியல" என்றார் டாக்டர். "திரும்ப வேண்டிய இடம் அப்பவே போயிடுச்சு. வண்டிய நிறுத்தினா நீ எழுந்துடுவியேன்னு நேராவே வந்துட்டேன்."